அம்மா வீட்டுப் பக்கத்தில் பெரிய காற்றாலை: சிங்கப்பூரிலிருந்து பவர் பத்திரம் கொடுத்து அலைந்த கதை

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே, முப்பந்தல், பணகுடி, ராதாபுரம் சுற்றுவட்டாரத்தில் நிலம் வைத்துக்கொண்டு இங்கே சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எங்களுக்கு வந்த காகிதம் உங்களுக்கும் வரலாம். பழைய காற்றாலைகளைக் கழற்றிவிட்டுப் பெரியவற்றை நிறுத்த 2024-ல் தமிழ்நாடு அரசு கொள்கையே வெளியிட்டிருக்கிறது. அதனால்தான் நடந்ததை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

தங்கச்சி வாட்ஸ்அப்பில் அனுப்பியது 'பாதை ஒப்பந்தம்' என்று தலைப்புப் போட்ட நாலு பக்கம். அம்மா வீட்டுக்கு மேற்கே இருக்கும் சின்னக் காற்றாலைக்குப் பதில் அதே நிறுவனத்தின் நிலத்தில் பெரியது வரப்போகிறது, கிரேன் போக எங்கள் நிலத்தின் ஓரமாகப் பாதை வேண்டும், அப்பா இறந்தபின் பட்டா கூட்டாக இருப்பதால் அம்மா, தங்கச்சி, நான் மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். கடைசிப் பக்கத்தில் ஒரு வரைபடம். அதில் எங்கள் இடம் முழுவதும் 'புஞ்சை' என்று மட்டும் இருந்தது, அம்மா குடியிருக்கும் வீட்டைக் காணோம்.

காற்றாலையே வேண்டாம் என்று நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. சிங்கப்பூரில் காற்றின் சராசரி வேகம் நொடிக்கு 2 மீட்டர்தான், பெரிய காற்றாலை ஓட 4.5 மீட்டராவது வேண்டும், அதனால் இங்கே நினைத்தாலும் வைக்க முடியாது. எங்கள் ஊரில் வைகாசி கடைசியில் பிடிக்கும் காற்று புரட்டாசி வரை ஓயாது. அது ஊருக்குக் கிடைத்த வரம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் எவ்வளவு தள்ளி வைக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சித்தி வீட்டுக்குப் பக்கத்தில் பெரியது வந்து சில வருடமாகிறது. வருடத்தில் சில வாரங்கள், சாயங்காலம் சூரியன் இறங்கும்போது இறக்கையின் நிழல் நேராக சன்னலுக்குள் வருகிறது. சுவரில் மாட்டிய நாள்காட்டி இருட்டும், வெளுக்கும், மறுபடி இருட்டும், ஒன்றிரண்டு நொடிக்கு ஒரு தடவை. கதவு சன்னலைச் சாத்தி லைட்டைப் போட்டால்தான் சித்தியால் உட்கார்ந்து அரிசி புடைக்க முடிகிறது. ராத்திரி சத்தம் வேறு. அம்மாவுக்குப் பழைய காற்றாலையின் கரகர சத்தம் பழகிவிட்டது, ஆனால் பெரியதின் 'உஷ்... உஷ்' அப்படி இல்லை, கேட்காதபோதும் அடுத்தது எப்போது வரும் என்று காது காத்துக்கொண்டே இருக்கிறது என்று சித்தி சொல்கிறார்.

நிலத்தரகர் போனில் ரொம்பத் தெளிவாகப் பேசினார். கோபுர உயரம், அதோடு இறக்கை வட்டத்தின் விட்டத்தில் பாதி, அதோடு 5 மீட்டர், இவ்வளவு தள்ளி இருந்தால் போதும், விதியே அதுதான் என்றார். 120 மீட்டர் கோபுரம், 140 மீட்டர் வட்டம் என்றால் 195 மீட்டர் வருகிறது. அவர் சொன்ன கணக்கு பொய் இல்லை, மத்தியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சாலை, ரயில்பாதை, கட்டடங்களுக்கு அது உண்டு. ஆனால் அதே வழிகாட்டுதலில், சத்தத்துக்காக, குடியிருப்பிலிருந்து 500 மீட்டருக்குள் காற்றாலை வைக்கக் கூடாது என்று தனியாக ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை அவர் சொல்லவே இல்லை. இப்போது வரைபடத்தில் வீடு ஏன் இல்லை என்று புரிகிறதா? வீடே இல்லாத இடத்துக்கு 500 மீட்டர் எதற்கு?

சரி, மனுவோ ஒப்பந்தமோ எதுவானாலும் என் பங்குக்குக் கையெழுத்துப் போட ஊரில் ஆள் வேண்டும். ஒவ்வொரு தடவையும் லீவு போட்டு ஓட முடியாது. என் சார்பில் கையெழுத்துப் போடத் தங்கச்சிக்குப் பவர் (அதிகாரப் பத்திரம்) எழுதினேன். விற்கவும் அடமானம் வைக்கவும் அதிகாரம் கொடுக்காதீர்கள், அது கூடப்பிறந்தவர்களாக இருந்தாலும் சரி. மனு கொடுக்க, அளக்க, பாதைக்குக் கையெழுத்துப் போட என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.

இங்கே சிட்டி ஹால் பக்கம் ஒரு நோட்டரி அலுவலகத்துக்கு முன்பதிவு செய்து, அரைநாள் லீவு எடுத்துப் போனால், பத்திரம் தமிழில் மட்டும் இருக்கிறது, என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் முத்திரை போட மாட்டோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். போன் செய்து கேட்டபோதே தமிழ்ப் பத்திரம் என்று சொல்லியிருந்தேன், அப்போது ஒன்றும் சொல்லவில்லை. ஊர்ப் பத்திர எழுத்தரிடம் சொல்லி ஆங்கிலத்தில் வாங்கினால் அதில் உட்பிரிவுக்கு முந்தைய பழைய சர்வே எண் போட்டிருந்தது. அதையும் திருத்தி வாங்கிய பிறகுதான் நோட்டரி கையெழுத்து, சிங்கப்பூர் அகாடமி ஆஃப் லாவின் அப்போஸ்டில் (நோட்டரி கையெழுத்து உண்மைதான் என்று வெளிநாட்டில் காட்டுவதற்கான சான்று) எல்லாம் முடிந்தது. அப்போஸ்டில் மட்டும் சிக்கல் இல்லாமல் நடந்தது.

அடுத்த அடி ஊரில். வெளிநாட்டில் எழுதிய பவர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். கூரியர் உறையைக் கிழித்துத் தூர எறியாதீர்கள், வந்த தேதிக்கு அதுதான் சாட்சி. தங்கச்சி உறையோடு போனாள். அங்கிருந்த எழுத்தர் பத்திரத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எம்பஸி சீல் எங்கம்மா? இது செல்லாது, அண்ணன்கிட்ட சொல்லி ஹைகமிஷன்ல போட்டு அனுப்பச் சொல்லுங்க" என்று நீட்டிவிட்டார். அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இந்தியா 2005-லேயே சேர்ந்துவிட்டது, சிங்கப்பூரில் 2021 செப்டம்பர் 16 முதல் நடைமுறையில் இருக்கிறது, அதற்கு மேல் தூதரக முத்திரை தேவையே இல்லை. தங்கச்சி சொல்லிப் பார்த்தாள், அவர் காதில் வாங்கவில்லை. மறுநாள் நான் சொன்னபடி, அப்போஸ்டில் தாளில் இருக்கும் எண்ணை இணையத்தில் போட்டு, வந்த சரிபார்ப்பைப் போனில் எடுத்துக்கொண்டு நேராக மேலதிகாரியிடம் போய்க் காட்டினாள். அவர் ஒரு பார்வை பார்த்தார், சரி என்றார், சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது. அன்றைக்கு தங்கச்சி குரலில் இருந்த சந்தோஷத்தை என்னால் எழுதிக் காட்ட முடியாது.

ஆனால் உண்மையான போராட்டம் வீட்டுக்குத்தான். கிராம அலுவலகத்தில் கேட்டால் "ரெக்கார்டுல புஞ்சைதானம்மா, வீடுன்னு எங்க இருக்கு?" என்றார்கள். அடங்கல் என்ற கிராமக் கணக்கில் என்ன பயிர் என்றுதான் இருக்கும், வீடு இருக்காது. நம் ஊர்ப்பக்கம் தோட்டத்துக்குள் கட்டிய வீடுகள் முக்கால்வாசி இப்படித்தான் கிடக்கின்றன. எங்களைக் காப்பாற்றியது ரெண்டு காகிதம். ஒன்று, ஊராட்சியில் அப்பா பெயரில் கட்டிய வீட்டு வரி ரசீது; அம்மா அதை டிரங்குப் பெட்டியில் ரேஷன் அட்டைகளோடு சேர்த்து நூல் கட்டி வைத்திருந்தார். இன்னொன்று, மின் இணைப்பு அட்டை, அதில் இணைப்புக் கொடுத்த தேதியே இருக்கிறது. அதன் பிறகு வந்த வருடங்களின் ரசீது வாங்க ஊராட்சி அலுவலகத்துக்குத் தங்கச்சி நடையாய் நடந்தாள், செயலர் ஒருநாள் மீட்டிங், ஒருநாள் வேறு ஊராட்சியில் பொறுப்பு. வீட்டு வரியை வருடா வருடம் கட்டி ரசீதைக் கையில் வாங்கிவிடுங்கள், தயவுசெய்து.

எல்லாவற்றையும் நகல் எடுத்து, வீட்டின் நாலு பக்கமும் இடக்குறியோடு போட்டோ பிடித்து, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்தார்கள், ஒரு நகல் நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில். "அது வழிகாட்டுதல்தான், சட்டம் இல்லை" என்று தரகர் அதற்கும் ஒரு பேச்சுப் பேசினார். இருக்கட்டும், எழுத்தில் போன பிறகு பேச்சின் தொனி மாறிவிட்டது. சர்வேயரும் நிறுவனத்துப் பொறியாளரும் சேர்ந்து வந்து கோபுரப் புள்ளியிலிருந்து வீட்டுச் சுவர் வரை அளந்தார்கள். நானூறு மீட்டர் சொச்சம். பொறியாளர் நல்ல மனிதர், அம்மாவிடம் நேராகவே சொன்னார், "வீடு இருக்கிறது என்று எங்களுக்குக் கொடுத்த வரைபடத்தில் இல்லை அம்மா." அவர்கள் நிலத்துக்குள்ளேயே மேற்கே தள்ளி வைக்க இடம் இருந்தது. புதிய வரைபடம் வந்தபோது எங்கள் புஞ்சைக்குள் சின்னதாக ஒரு கட்டம், பக்கத்தில் 'வீடு' என்று எழுதி, தூரத்தையும் போட்டிருந்தார்கள். அதைப் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

அதன் பிறகு பாதைக்குச் சம்மதித்தோம். அதிலும் ஒரு எச்சரிக்கை: முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி போட்டால் போதும் என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். பாதைக்கு நிலம் விடுவது ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு கட்டாயம். பதியும்போது, பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்று உயிர்வாழ் சான்று கேட்டார்கள், அதற்காக நான் மறுபடி நோட்டரியிடம் போக வேண்டியிருந்தது. பதிவுத் தேதி முடிவானதும் அதை முதலில் வாங்கி அனுப்பிவிடுங்கள், பழைய தேதியில் இருந்தால் எடுக்க மாட்டார்கள். கிரேன் போன பின் வேலியைத் திரும்பப் போட்டுத் தர வேண்டும், வாய்க்கால் கரையை மூடக் கூடாது என்ற ரெண்டு வரியையும் நாங்கள் கேட்டுச் சேர்த்தோம்.

இந்தக் காற்றில் கிரேன் ஏற்ற முடியாதாம், ஐப்பசிக்குப் பிறகுதான் வேலை தொடங்கும் என்கிறார்கள். அளந்த புள்ளியில் அடித்த முளைக்குச்சியைத் தங்கச்சி போட்டோ எடுத்து வைத்திருக்கிறாள், குழி தோண்டும் அன்றைக்கு வரைபடத்தோடு போய் நிற்கப்போகிறாள்.