வயசானா அப்படித்தான் ஆச்சி

அந்த கண் கேம்ப் முடிஞ்சு வருசக்கணக்கா ஆச்சு, இன்னும் மனச விட்டு எறங்க மாட்டேங்குது. பெரிய தப்பு ஒண்ணும் நடக்கல, யாருக்கும் என்னால கண்ணு போகல. ஒரு ஆச்சி ஒரு கேள்வி கேட்டா, நான் ஒரு பதில் சொன்னேன், அவ்ளோதான்.

2019, திசையன்விளை தாண்டி செம்மணல் தேரிக்காட்டுப் பக்கம். வரிசையில 180 பேர், டார்ச் பிடிக்க நாங்க ரெண்டே பேரு. எல்லாரும் புரைக்கும் கண்ணாடிக்கும் வந்தவங்க. இந்த ஆச்சி உக்காந்ததும், "கண்ணுக்குள்ள மணலு கெடக்க மாதிரியே இருக்குய்யா, நம்ம ஊரு தேரி மணலுன்னுதான் இத்தன வருசமா நெனச்சிக்கிட்டு இருந்தேன்"ன்னா. டார்ச் அடிச்சி பாத்தா மேல் இமை முடி உள்பக்கமா மடங்கி கருவிழியில ஒரசுது. அதுலயும் பாதி முடி அரைகுறையா ஒடிஞ்சு முள்ளு மாதிரி நிக்கி. யாரு ஆச்சி பிடுங்குனதுன்னு கேட்டேன். பக்கத்துல நின்ன பேத்தி, ஒம்பது பத்து வயசு இருக்கும், "நாந்தான் சார்"னு ஜாமெட்ரி பாக்ஸ தொறந்து சாவணத்த எடுத்துக் காட்டுனா. காம்பஸ், அழிரப்பர், கூட அந்த சாவணம். வாரத்துக்கு ஒருக்கா பிடுங்கி விடுவாளாம். பிடுங்கிட்டு ஆச்சி முந்தானையாலயே கண்ண தொடச்சி விடுவாளாம், அதையும் பெருமையா சொன்னா.

இமைய பொரட்டி பாத்தேன். வழவழன்னு செவப்பா இருக்க வேண்டிய எடத்துல வெள்ளையா கோடு கோடா தழும்பு, காஞ்ச கஞ்சி நூலு ஒட்டுன மாதிரி. ட்ரெயினிங்ல போட்டோல மட்டும் பாத்தது. ட்ரக்கோமா. எங்களுக்கு அது ராஜஸ்தான், குஜராத், ஹரியானா நோய். பரிச்சையில எழுதிட்டு மறந்துரலாம். சின்ன வயசுல கிளமிடியாங்குற கிருமி திரும்பத் திரும்ப தொத்தி, இமைக்குள்ள தழும்பாகி, அந்தத் தழும்பு சுருங்கி இமைய உள்ள இழுக்கும். முடி கருவிழிய அறுக்க ஆரம்பிக்க இருவது முப்பது வருசம் கூட ஆகும். அதுக்குள்ள எல்லாருக்கும் மறந்து போயிரும்.

ஆனா ஆச்சிக்கு மறக்கல. அவளாவே ஆரம்பிச்சா. அப்பா பனையேறி, விடிலியில அம்மா கருப்பட்டி காய்ப்பா, பிள்ளைங்க அஞ்சு பேரும் அங்கயேதான் கெடப்பாங்க, மூஞ்சி பூரா ஈ. குடிக்கவே தண்ணி ரெண்டு மைல் நடந்து எடுக்கணும், இதுல மூஞ்சி கழுவ எங்க போக. அம்மா ஒரே முந்தானையால அஞ்சு பேரு பீளையையும் வரிசையா தொடப்பாளாம். சொல்லிட்டு, "அதுனாலயாய்யா எனக்கு இப்படி ஆயிட்டு?"ன்னு கேட்டா.

நான் சொன்னேன், "சேச்சே, அதெல்லாம் இல்ல ஆச்சி. வயசானா அப்படித்தான்."

பொய். வயசுனால இமை உள்ள மடங்குறது பெரும்பாலும் கீழ் இமையில வரும், இது மேல் இமை, உள்ள தழும்பு. அவ சொன்னது அத்தனையும் பாடப்புத்தகத்துல இருக்கு, ஈ, கை, துணி, தண்ணி இல்லாதது, நானே சொல்லிருந்தாலும் அதுக்கு மேல தெளிவா சொல்லிருக்க மாட்டேன். நமக்குத் தாமிரபரணி ஓரத்துல பொறந்து மூணு வேளையும் ஆத்துல கெடந்த ஒடம்பு, மூஞ்சி கழுவத் தண்ணி இல்லாத பிள்ளைப்பருவம் எப்படி இருக்கும்னு அன்னைக்கு வர யோசிச்சதே இல்ல. எழுபது தாண்டுன மனுஷிகிட்ட போயி, ஆமா, உங்கம்மா முந்தானைதான்னு எப்படி சொல்ல. சொன்னா தழும்பு போயிருமா. இதுல நான் செஞ்சது சரின்னுதான் பாதி நாள் தோணும்.

சீனியர்கிட்ட சொன்னேன். "இங்க ஏதுடே ட்ரக்கோமா, இமை முடின்னு போட்டு ரெஃபர் பண்ணு"ன்னாரு. மற்றவைங்குற கட்டத்துல அப்படியே எழுதுனேன். ஒடிஞ்ச முடிய பிடுங்கி விட்டேன். இமைய திருப்பி வைக்க சின்ன ஆபரேஷன் இருக்குன்னு சொன்னேன், பீடிக்கணக்கு யாரு முடிப்பான்னு சிரிச்சிட்டுப் போயிட்டா. வந்தாளா வரலையான்னு நான் விசாரிக்கல.

2024 அக்டோபர்ல இந்தியாவுல ட்ரக்கோமா பொதுச் சுகாதாரப் பிரச்சினையா இப்ப இல்லன்னு உலக சுகாதார நிறுவனம் அறிவிச்சிச்சி, அவங்க தென்கிழக்கு ஆசிய வட்டாரத்துல நேபாளம், மியான்மருக்கு அடுத்து நாமதான். எங்க குரூப்பு பூரா கைதட்டுற பொம்மை. நானும் போட்டேன், சந்தோசமாத்தான் போட்டேன். பொறவு வெவரத்த வாசிச்சேன். 15 வயசுக்கு மேல உள்ளவங்கள்ல இப்படி முடி மடங்கி, சுகாதாரத் துறைக்குத் தெரியாம இருக்குறவங்க ஆயிரத்துக்கு ரெண்டு பேருக்கும் கொறவா இருக்கணும், அதுவும் ஒரு கணக்கு. தெரியாமங்குற சொல்லுலயே நின்னுட்டேன். ஆச்சி தெரிஞ்சவளா, தெரியாதவளா? இமை முடின்னு எழுதியாச்சி, ஏன்னு எழுதல. ஒரு ஆச்சியால நாட்டுக் கணக்கு மாறிரவா போகுதுன்னு நானே சொல்லிக்கிட்டேன். மாறாதுதான்.

போன வாரம் எங்க வீட்ல இதச் சொன்னேன். ஆமா ஆச்சி, துணியாலயும் பரவும், ஆனா உங்கம்மா மேல தப்பு இல்லன்னு சொல்லிருக்கணுமோன்னு கேட்டேன். "ஆமான்னு கேட்ட பொறவு மிச்சத்த யாரு கேப்பா, வயசுன்னு சொன்னதே சரி"ன்னா. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சி. ஒடனே கேட்டா, "அந்தப் பிள்ளை கண்ண பாத்தியளா?"

180 பேரு நின்னாங்க. பிள்ளை கண்ணு பாக்கதுக்கு நல்லாத்தான் இருந்துச்சி, பீளை கீளை எதுவும் இல்ல. இமைய பொரட்டிப் பாக்கல.