முழங்கை மடிப்பு

நவம்பர் 4, திங்கள்
இடது முழங்கை மடிப்பில் அரிப்புத் தடிப்பு திரும்ப வந்துவிட்டது. அப்பாவை வார்டில் சேர்த்து இன்றோடு மூன்று நாள். காலையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுதான் இருந்தது.

நவம்பர் 5, செவ்வாய்
தூக்கத்திலேயே சொறிந்திருக்கிறேன். தலையணை உறையில் ரத்தப் பொட்டு.

நவம்பர் 7, வியாழன்
தோல் டாக்டரிடம் போனேன். "கரப்பான், எக்ஸிமா. சின்ன வயசுல இருந்துச்சா?" இருந்தது. பத்தாம் வகுப்புப் பரீட்சை சமயத்தில் கழுத்து, முழங்காலுக்குப் பின்னால் எல்லாம். அப்பாவின் பருத்திக் காலுறைகளை என் கைகளில் மாட்டிவிட்டுத்தான் அம்மா தூங்க வைப்பார்.

கருவில் தோலின் மேலடுக்கும் மூளையும் ஒரே படலத்திலிருந்துதான் உருவாகின்றனவாம். கவலை நீண்டால் கார்டிசால் என்கிற மன அழுத்த ஹார்மோன் ஏறும், தோலின் எண்ணெய்க் காப்பு பலவீனமாகும், உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறும். வறண்ட இடம் அரிக்கும். சொறிந்தால் இன்னும் மோசம், இன்னும் அரிப்பு. வெந்நீர் கூடாது. குளித்து மூன்று நிமிடத்துக்குள், ஈரம் காயுமுன் மாய்ஸ்சரைசர். ஸ்டீராய்டு களிம்பு தடிப்பின் மேல் மட்டும், ஒரு வாரம். நகத்தை ஒட்ட வெட்டச் சொன்னார். கவலைப்படாதே என்று மட்டும் அவர் சொல்லவில்லை. அதனாலேயே பிடித்துப்போயிற்று.

நவம்பர் 8, வெள்ளி
அப்பாவின் டெஸ்ட் ரிசல்ட் வரவில்லை. திங்கள் என்கிறார்கள்.

நவம்பர் 9, சனி
அத்தை வேப்பிலை அரைத்துக் கொண்டுவந்தார். வெடித்த தோலில் பட்டு எரிந்தது, கழுவிவிட்டேன். பாவம், அத்தை முகம் வாடிவிட்டது. குளிர்ந்த ஈரத்துணியை ஐந்து நிமிடம் வைத்தால் அடங்குகிறது.

ஒன்று கவனித்தேன். போன் அடித்தால், எடுப்பதற்கு முன்பே வலது கை அந்த மடிப்புக்குப் போய்விடுகிறது. பால்காரர் கூப்பிட்டால்கூட.

நவம்பர் 10, ஞாயிறு
விடியற்காலையில் வண்டியூர் தெப்பக்குளத்தை இரண்டு சுற்று. நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விட்டேன். கொஞ்ச நேரம் கையே நினைவில் இல்லை. வியர்வை எரிந்தது, வந்ததும் பச்சைத் தண்ணீரில் கழுவினேன்.

சாயங்காலம் வார்டில், அப்பா தூங்குகிறார் என்று நினைத்துச் சொறிந்தேன். டிரிப்ஸ் ஏறுகிற கையாலேயே என் மணிக்கட்டைப் பிடித்தார். "சொறியாதம்மா." அப்புறம் விடவேயில்லை. பிளாஸ்டரின் ஓரம் என் தோலில் உரசிக்கொண்டிருந்தது. அப்பாவின் கை எவ்வளவு லேசாகிவிட்டது.

நவம்பர் 11, திங்கள்
தடிப்பு மங்கியிருக்கிறது. ஓரத்தில் மட்டும் சிவப்பு.

பதினொரு மணிக்கு வரச் சொல்லிப் போன் வந்தது. வேறொன்றும் சொல்லவில்லை. களிம்பு போட்டாயிற்று. கிளம்புகிறேன்.