எரர் ஸ்பாட்டிங்ல எக்ஸ்ட்ரா வார்த்தையை எப்படி பிடிக்கிறது

மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வுக்கு படிக்கிற நம்ம தண்டையார்பேட்டை, வியாசர்பாடி தம்பி தங்கச்சிங்களுக்காக எழுதுறேன். டயர் 1ல, அதாவது முதல் கட்ட தேர்வுல, இங்கிலீஷ் 25 கேள்வி 50 மார்க், ஒன்னு தப்பானா அரை மார்க் போயிடும். எரர் ஸ்பாட்டிங்ல, அதாவது வாக்கியத்துல தப்பு இருக்கிற பார்ட்டை கண்டுபிடிக்கிற கேள்வில, ஈஸியா எடுக்கக்கூடிய மார்க்னா தேவையில்லாம ஒட்டிட்டு இருக்கிற வார்த்தைதான். 'ரிட்டர்ன் பேக்', 'ரிபீட் அகெய்ன்', 'கசின் பிரதர்' எல்லாம் தெருவுல பேசுறப்ப யாரும் கண்டுக்க மாட்டாங்க, பேப்பர்ல வந்தா அந்த பார்ட்தான் ஆன்சர்.

லிஸ்ட் எடுத்து மனப்பாடம் பண்ணாதீங்க. சந்தேகமா இருக்கிற வார்த்தையை விட்டுட்டு மீதியை படிச்சு பாருங்க, அர்த்தம் கொஞ்சம் கூட குறையலன்னா அது எக்ஸ்ட்ரா.

ஆனா இத மட்டும் நம்பி போனா 'நல் அண்ட் வாய்ட்' (செல்லாது), 'ஃபர்ஸ்ட் அண்ட் ஃபோர்மோஸ்ட்' (முதல்ல) கூட தப்புன்னு போட்டுடுவீங்க, அதெல்லாம் கரெக்ட். எனக்கு இது புரிஞ்சதே தமிழ் இலக்கணத்தாலதான். குரூப் 4க்கு ஒருபொருட்பன்மொழி படிச்சிருப்பீங்கல்ல, நடுமையம், மீமிசை, ஓங்கி உயர்ந்த, ஒரே அர்த்தம் ரெண்டு தடவை வருது, சிறப்புக்காக வந்தா வழு இல்லன்னு நன்னூலே சொல்லுது. நம்ம ஏரியால 'ரோட்டுக்கு நடுசென்டர்ல நிக்கிறான்'னு சொல்றோமே, அந்த அழுத்தம் வெறும் நடுவுலன்னு சொன்னா வராது. இங்கிலீஷ்லயும் அப்படி நிலைச்சுப்போன ஜோடி நிறைய இருக்கு, முக்கியமா சட்டத்துல. 1066ல நார்மன்காரங்க இங்கிலாந்தை பிடிச்சப்புறம் பிரெஞ்சு வார்த்தையும் உள்ள வந்துச்சு, இங்கிலீஷ், பிரெஞ்சு ரெண்டையும் சேர்த்தே எழுத ஆரம்பிச்சாங்க, உயிலுக்கு சொல்ற 'வில் அண்ட் டெஸ்டமென்ட்' அப்படி வந்ததுதான். வீட்ல பாஸ்போர்ட் இருந்தா எடுத்து பாருங்க, 'வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்'னு இருக்கும், அங்க லெட்னாலும் தடைதான்.

நம்ம ஆளுங்க அதிகமா மார்க் விடுறது 'டிஸ்கஸ் அபவுட்'ல. தமிழ்ல 'அத பத்தி பேசு'ன்னு யோசிக்கிறதால அபவுட் தானா வந்துடுது. வெர்ப்பா வந்தா அபவுட் வேணாம், ஆனா 'டிஸ்கஷன் அபவுட்' சரி. அதே மாதிரி ரூமுக்குள்ள போனா வெறும் 'எண்டர்' போதும், ஒப்பந்தம் போட்டா 'எண்டர் இண்டு'தான் கரெக்ட். பழைய கேள்வித்தாள் போடும்போது இந்த ரெண்டையும் தனியா ஒரு நோட்ல எழுதி வச்சுக்கோங்க.