அரக்கு அரக்காகவே வர வேண்டும்

ஜூன் 8, ஞாயிறு

எதிர் வீட்டு அக்கா கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த சுங்குடிச் சேலைகள், மொத்தம் இருபது. மொட்டைமாடி நிழலில் விரித்துப் போட்டோ எடுத்தாயிற்று. ஏ4 ஆல்பமாக்கித் தர வேண்டும். 25ஆம் தேதி அதை எடுத்துக்கொண்டு சென்னையில் ஒரு கடைக்காரரைப் பார்க்கப் போகிறார். போன தடவை வெளியே கொடுத்துப் போட்ட ஆல்பத்தைப் பார்த்து ஆர்டர் தந்த ஒருவர், சேலை கைக்கு வந்ததும் "படத்தில் இருந்த கலர் இது இல்லையே" என்று நான்கைத் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த நான்கும் இன்னும் அக்காவின் பீரோவில்தான் கிடக்கின்றன.

இன்று அரக்குச் சேலையை முதலில் பிரிண்ட் எடுத்தேன். அக்கா தாளைச் சேலை மேலேயே வைத்துப் பார்த்தார். "தம்பி, இது செங்கல் கலர். அரக்கு இப்படியா இருக்கும்?"

ஜூன் 9, திங்கள்

கலரைக் கூட்டிக் குறைக்கும் முன்னால் நாசில் செக் எடுத்துப் பார்த்தேன். மை வரும் துளைகள் எல்லாம் திறந்திருக்கிறதா என்று ஒவ்வொரு மையிலும் கட்டம் போட்டுக் காட்டும் சோதனைத் தாள் அது. நல்லவேளை. மஜெந்தா கட்டத்தில் மூன்று இடங்களில் கோடு விட்டுப்போயிருந்தது. சித்திரை வெயில் முழுக்க ஓடாமல் நின்ற பிரிண்டர், ஹெட்டில் மை காய்ந்துவிட்டது. அரக்கில் மஜெந்தா குறைந்தால் மஞ்சள் மேலே வந்து செங்கல்லாகத்தான் தெரியும். இரண்டு முறை கிளீனிங் கொடுத்து, அரை மணி நேரம் விட்டு மறுபடி எடுத்ததில் கோடுகள் முழுசாக வந்தன. கிளீனிங் ஒவ்வொன்றும் மையைக் குடிக்கும். வாரம் ஒரு சின்னப் படம், எல்லா மையும் ஓடுகிற மாதிரி, எடுத்துவிட வேண்டும்.

ஜூன் 11, புதன்

சிவப்பு நெருங்கி வந்துவிட்டது. ஆனால் படம் முழுக்க இருட்டு. சேலை மடிப்பெல்லாம் கரியாக இருக்கிறது.

குறை பிரிண்டரில் இல்லை, திரையில். திரை தானே வெளிச்சம் விடுகிறது. தாள் தன் மேல் விழுவதைத்தான் திருப்பித் தரும். திரையை முழு வெளிச்சத்தில் வைத்து, கண் கூசாத அளவுக்குப் படத்தை நானே இருட்டாக்கியிருக்கிறேன். ஜன்னல் பக்கம் வெறும் தாளைத் திரையோரம் பிடித்து, திரையின் வெள்ளை அதே அளவுக்கு வரும்வரை இறக்கினேன். நூறிலிருந்து முப்பத்தைந்துக்கு வந்து நின்றது. சாயந்திரமானால் திரையை மஞ்சளாக்கும் நைட் லைட்டும் ஓடிக்கொண்டிருந்தது, அதையும் நிறுத்தினேன். ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பன், திரையின் நிறத்தை அளக்கும் கலரிமீட்டர் கொடுத்தான். திரையில் தொங்கவிட்டால் ஒவ்வொரு நிறமாகக் காட்டச் சொல்லி அளந்துகொள்கிறது. வெளிச்ச அளவைச் சதுர மீட்டருக்கு 100 கேண்டலா, வெள்ளையின் சாயலை 6500 கெல்வின் என்று வைத்தேன்.

ஜூன் 14, சனி

இத்தனை நாள் ஓடிய ஓட்டத்துக்குப் பாதிக் காரணம் இன்றுதான் கையில் சிக்கியது. எந்தப் பக்கத்தை எடுத்தாலும் சேலையைப் பிடித்து நிற்கும் அக்காவின் கை ரோஸ் பவுடர் பூசின மாதிரி இருந்தது. என்னவென்று பார்த்தால், எடிட்டிங் மென்பொருள் ஒரு தடவை நிறத்தை மாற்றித் தருகிறது. அதை வாங்கிய பிரிண்டர் டிரைவர், அதாவது கம்ப்யூட்டரிலிருந்து பிரிண்டரை இயக்கும் மென்பொருள், தன் பங்குக்கு இன்னொரு தடவை மாற்றுகிறது. ஒரே குழம்புக்கு இரண்டு பேர் உப்புப் போட்ட கதை. யாராவது ஒருவர்தான் போட வேண்டும். மென்பொருளிடம் பொறுப்பைக் கொடுத்து, டிரைவரில் கலர் அட்ஜஸ்ட்மென்ட் வேண்டாம் என்று வைத்தேன். கை கையாகிவிட்டது.

மென்பொருள் எதைப் பார்த்து மாற்றுகிறது? ஐசிசி புரொஃபைலை. 1993இல் எட்டு நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய ஐசிசி (இன்டர்நேஷனல் கலர் கன்சார்ட்டியம்) அமைப்பு வகுத்த முறை அது. இந்தப் பிரிண்டர், இந்த மை, இந்தத் தாள் மூன்றும் சேர்ந்தால் எந்த நிறம் எப்படி விழும் என்ற கணக்கு அதில் இருக்கும். மூன்றில் ஒன்றை மாற்றினாலும் கணக்கு தப்பு. மதுரை டவுன்ஹால் ரோட்டில் விலை குறைவாகக் கிடைத்த தாளைப் போட்டு, வேறு தாளின் புரொஃபைலைக் கொடுத்திருந்தேன். போதாததற்கு டிரைவரில் 'பிளெய்ன் பேப்பர்' என்றே இருந்தது. எவ்வளவு மை கொட்ட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதே அந்த வரிதான். பிரிண்டர் கம்பெனியின் தாளையே வாங்கி, அதன் புரொஃபைலைப் போட்டேன். மையும் கம்பெனி மையே. வெளி மை ஊற்றுகிறவர்களுக்கு இந்தப் புரொஃபைல் உதவாது, தனியாக எடுக்க வேண்டும்.

எடுத்த பக்கத்தை உடனே பார்த்துத் தீர்ப்புச் சொல்லாமல் ராத்திரி முழுக்கக் காயவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

அரக்கு, அரக்காகவே வந்துவிட்டது! புள்ளிகளைக் கிட்டப் பார்த்தேன். கை முடிச்சு என்பதால் ஒரு புள்ளி போல இன்னொன்று இல்லை. சிலவற்றின் நடுவில் ஊசிமுனை அளவு சாயம் ஏறியிருக்கிறது. அதுவரை தாளில் தெரிந்தது.

அக்கா தாளையும் சேலையையும் தூக்கிக்கொண்டு நேராக வாசலுக்குப் போனார். விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் எந்த அம்மாவும் செய்வதுதான். டியூப்லைட்டில் பார்த்த கலரை வெளியே கொண்டுபோய்ப் பார்க்காமல் பணத்தை எடுக்க மாட்டார்கள். எவ்வளவு சரியான பழக்கம்! துணியின் சாயம் வேறு, பிரிண்டர் மை வேறு. ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிகிற இரண்டும் இன்னொன்றில் பிரிந்துவிடும். அச்சுத் தொழிலில் இதற்கென்றே 5000 கெல்வின் வெளிச்சம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். எங்களுக்குக் காலை பத்து மணி வாசல். பாசிப்பச்சை மட்டும் அங்கே லேசாக நீலம் அடித்தது. மஞ்சளைக் கொஞ்சம் கூட்டினேன்.

ஜூன் 18, புதன்

பத்தொன்பது முடிந்தது. கனகாம்பரக் கலர் மட்டும் பிடிகொடுக்கவில்லை. அந்த ஆரஞ்சு இந்த மைகளின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. எவ்வளவு ஏற்றினாலும் வராது. இப்படி எல்லை தாண்டிய நிறத்தை உள்ளே கொண்டுவர மென்பொருளில் இரண்டு முறைகளைப் போட்டுப் பார்த்தேன். 'ரிலேட்டிவ்' முறையில் கலர் பளிச்சென்று வந்தாலும் மடிப்புகள் ஒரே தகடாகிவிட்டன. 'பெர்செப்சுவல்' முறையில் எல்லா நிறங்களும் ஒரு பிடி இறங்கின, ஆனால் மடிப்பும் புள்ளியும் உயிரோடு இருந்தன. இரண்டையும் அக்காவிடம் காட்டினேன். இரண்டாவதை எடுத்தார்.

ஜூன் 22, ஞாயிறு

ஆல்பம் தைத்து வந்துவிட்டது. கனகாம்பரப் பக்கத்தின் ஓரத்தில் அக்கா அதே சேலைத் துணியில் ஒரு விரல் அகலம் வெட்டி, நூலால் தைத்திருக்கிறார், முடிச்சு அவிழ்க்காத இரண்டு புள்ளிகளோடு.