வெலிங்டன் வாசலில் ஓர் ஆந்தை

குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை மாட்டினார்கள். பெட்டியில் பாதிப் பேர் ஊட்டிக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று விசாரித்துக்கொண்டிருக்க, அடுத்து வந்த வெலிங்டன் நிலையத்தில் நான் பையோடு இறங்கினேன். கூடவே இறங்கியவர் ஒருவர்தான். வெள்ளை மீசை, வளையாத முதுகு, கையில் காய்கறிப் பை.

“ஊட்டி இன்னும் வரவில்லை தம்பி.”

“ஸ்டாஃப் காலேஜ் பார்க்க வந்தேன் ஐயா.”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். “உள்ளே விடமாட்டார்களே.”

அது தெரிந்துதான் வந்திருந்தேன். வெளியே நின்று பார்த்தாலும் போதும் என்றேன். தம் வீடும் அந்தப் பக்கம்தான் என்று கூட நடந்தார். மெட்ராஸ் ரெஜிமென்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர்.

நாளிதழ்கள் முப்படை அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரி என்று எழுதுகின்றன. மலையில் எல்லோருக்கும் அது ஸ்டாஃப் காலேஜ்தான். ஸ்டாஃப் என்றதும் ஊழியர் என்று நினைத்து ஏமாந்துவிடக் கூடாது. எங்கே தாக்குவது என்று தளபதி முடிவு செய்வார். அதற்கு எத்தனை லாரி வேண்டும், எந்தப் பிரிவு எந்த மணிக்குப் பாலத்தைக் கடக்க வேண்டும், குண்டும் ரொட்டியும் எந்த வழியாகப் போய்ச் சேரும் என்று கணக்குப் போட்டு உத்தரவாக எழுதுகிறவர்கள் ஸ்டாஃப் அதிகாரிகள். ஒரு வரி இரண்டு பொருள் தந்தால் இரண்டு பட்டாளங்கள் ஒரே பாலத்தில் முட்டிக்கொண்டு நிற்கும்.

“அவர்கள் வரைபடத்தில் கோடு போடுவார்கள். நாங்கள் அதில் நடந்தோம்” என்றார் பெரியவர். புகாரா, பெருமையா என்று பிடிபடவில்லை.

கல்லூரி பிறந்த இடம் நீலகிரி அல்ல. பிரிட்டிஷ் இந்தியப் படைக்குக் கிச்சனர் தலைமைத் தளபதியாக இருந்தபோது, 1905இல் நாசிக் பக்கத்து தேவ்லாலியில் தொடங்கினார்கள். 1907இல் பலுசிஸ்தானத்தின் குவெட்டாவுக்குப் போனது. பின்னாளில் பர்மாவில் ஜப்பானியரை முறியடித்த ஸ்லிம் அங்கே மாணவர். இரண்டாம் உலகப் போரில் பேரெடுத்த பிரிட்டிஷ் தளபதி மாண்ட்கோமரி 1934 முதல் 1937 வரை ஆசிரியர். 1935 மே 31 அதிகாலை பூகம்பம் குவெட்டா நகரத்தையே தரைமட்டமாக்கியபோதும் அவர் அங்கேதான் இருந்தார். அந்தக் கல்லூரிக்குள் இந்தியர் ஒருவர் மாணவராக நுழைய 1933 ஆகிவிட்டது. அவர், பின்னாளில் இந்திய ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியான கரியப்பா. இந்தியாவின் பெயரில் நடந்த கல்லூரியில் முதல் இந்தியருக்கு 28 ஆண்டுக் காத்திருப்பு!

1947இல் தேசத்தோடு கல்லூரியும் இரண்டானது. கட்டடம் பாகிஸ்தான் பக்கம் நின்றுவிட்டது. நம் பங்குக்கு வெறுங்கையோடு புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. பொறுப்பேற்றவர் எஸ்.டி. வர்மா. கிடைத்த இடம் வெலிங்டன். ஜக்கதலா என்று அழைக்கப்பட்ட இந்த மலைச்சரிவில் 1852இலேயே வெள்ளையர்கள் படைவீடு கட்டத் தொடங்கியிருந்தார்கள்; ஜெகதளா என்ற படுகர் ஊர் இன்றும் பக்கத்தில் இருக்கிறது. 1948 ஏப்ரலில் முதல் வகுப்பு தொடங்கிவிட்டது. பாகப்பிரிவினை முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இப்போது முப்படை அதிகாரிகளும் நட்பு நாட்டு அதிகாரிகளும் ஏறக்குறைய பத்து மாதம் படிக்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.எஸ்சி. பட்டமும் கிடைக்கிறது.

வளைவில் திரும்பியதும் பெரியவர் ஒரு பலகையைக் காட்டினார். கல்லூரிச் சின்னம். சிறகு விரித்த ஆந்தை, அதன்கீழே ‘யுத்தம் பிரக்ஞயா’ என்ற சமஸ்கிருத வாசகம். போரை அறிவால் நடத்து என்று பொருள் கொள்ளலாம். வாள், சிங்கம், புலி என்று எதிர்பார்த்துப் போன எனக்குச் சிரிப்பு வந்தது. பள்ளியில் பதில் தெரியாமல் நின்றால், ‘ஏன் ஆந்தை மாதிரி முழிக்கிறாய்’ என்றுதானே திட்டு வாங்கினோம்? ஐரோப்பியருக்கு அது அறிவுத் தெய்வத்தின் பறவை. குவெட்டா கல்லூரியின் சின்னத்திலும் ஆந்தைதான். அங்கே வாசகம் பாரசீகம். எல்லாவற்றையும் பங்கு போட்டவர்கள் ஆந்தையை மட்டும் ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டார்கள்.

பெரியவரின் பேச்சு மானெக்‌ஷாவிடம் போனது. 1943இல் குவெட்டாவில் படித்தவர், 1959இல் வெலிங்டன் கல்லூரிக்கே தலைவராக வந்தார். நாவை அடக்கத் தெரியாதவர். தேசப்பற்று இல்லாதவர் என்று இங்கிருந்தபோதுதான் அவர்மேல் விசாரணை வைத்தார்கள். குற்றமற்றவர் என்று வெளியே வந்தார். பத்தாண்டு கழித்து ராணுவத் தளபதியாக 1971 பாகிஸ்தான் போரை நடத்தியவரும் அவரே. விசாரணை வைத்தவர்கள் அன்று என்ன நினைத்திருப்பார்களோ! ஓய்வுக்குப் பிறகு குன்னூரில் குடியேறி, 2008இல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையிலேயே கண்மூடினார்.

காட்டேரிப் பக்கம் கையைக் காட்டியபோது பெரியவரின் குரல் இறங்கியது. 2021 டிசம்பர் 8. இதே கல்லூரியில் படித்த முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத், இங்கே உரையாற்ற சூலூரிலிருந்து ஹெலிகாப்டரில் வந்துகொண்டிருந்தார். நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. அவரும் மனைவியும் உட்படப் பதின்மூன்று பேர் அன்றே போனார்கள். கல்லூரி ஆசிரியரான குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் போராடிப் போனார். அதற்குமேல் பெரியவர் அதைப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

பிரியும் இடத்தில் பையைக் கை மாற்றிக்கொண்டு, பலகை இருந்த திசையைத் திரும்பிப் பார்த்தார்.

“இத்தனை வருடம் அந்தச் சின்னத்துக்கு சல்யூட் அடித்திருக்கிறேன் தம்பி. ஆனால் ராத்திரி கூரையில் ஒன்று வந்து உட்கார்ந்தால், வீட்டம்மா இன்னும் விளக்குமாற்றைத்தான் எடுக்கிறாள்.”

குன்னூர் பஸ் வந்துவிட்டது.