மலையில்லாத தீவில் சாய்வு

இலங்கை மலையகத்தில், நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் எட்டு வருடம் கணிதம் படிப்பித்தவள் நான். அம்மா கொழுந்து எடுத்து என்னைப் படிக்க வைத்தார். பத்தனை ஸ்ரீ பாத கல்வியியற் கல்லூரி, பிறகு திறந்த பல்கலைக்கழகப் பட்டம், எல்லாம் தமிழ் மொழியில்தான். 2022இல் சம்பளம் மாதத்தின் பாதியைக்கூடத் தாண்டவில்லை. வீடு கட்ட எடுத்த கடன் கழுத்தை நெரித்தது. அந்த ஜூன் மாதம்தான் 14/2022 பொது நிர்வாகச் சுற்றறிக்கை வந்தது. அரச ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போகலாம், சேவை மூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் பாதிப்பு இல்லை என்றது. மாலைதீவில் ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பித்தேன்.

நேர்முகத்தேர்வு ஸூமில் அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. பத்திரங்கள்தான் என்னைப் படுத்தி எடுத்தன. பிறப்புச் சான்றிதழ் சிங்களத்தில், அதில் அப்பாவின் பெயர் ஒரு விதம். அடையாள அட்டையில் இன்னொரு விதம். பெயரைப் பதிந்தவர் காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார், சரிபார்க்க அப்பாவுக்கு அந்த எழுத்துத் தெரியாது. மலையகத்தில் இது பல வீடுகளில் இருக்கிற கதை. ஓர் எழுத்தைத் திருத்தப் பிரதேச செயலகத்துக்கும் வீட்டுக்குமாக நான்கு மாதம் அலைந்தேன். அப்புறம் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பு, பொலிஸ் அறிக்கை, பத்தரமுல்லையில் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் சான்றுறுதி, கடைசியாக வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு. ஒவ்வொன்றுக்கும் அதிகாலை பஸ்ஸில் கொழும்பு.

விடுமுறைக் கடிதத்தில் அதிபர் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கேட்டார்: "சரி, போயிட்டு வாங்க டீச்சர். இந்தப் பிள்ளைகளுக்கு யார் வருவாங்க?" என்னிடம் பதில் இல்லை. யாரும் வரவில்லை என்பது போன பிறகு தெரிந்தது.

நான் போன தீவை ஒரு மணி நேரத்தில் சுற்றி நடந்துவிடலாம். பாடம் எல்லாம் ஆங்கிலத்தில், பிள்ளைகள் தங்களுக்குள் பேசுவது அந்நாட்டு மொழியான திவேஹியில். முதல் வாரம் நான் மனதில் தமிழில் யோசித்து, ஆங்கிலத்துக்கு மாற்றி, வாய் திறப்பதற்குள் வகுப்பு அமைதியிழந்துவிடும். "மிஸ், விளங்கவில்லை" என்று ஒரு பையன் மரியாதையாகத்தான் சொன்னான். அன்று இரவு அழுதேன். மறுநாள் சீ.ஆர். புத்தகம் என்கிற தடித்த கொப்பி ஒன்று வாங்கி, அடுத்த நாள் பாடத்தில் பேசப்போகும் ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுதினேன். எழுதியதைப் போனில் பதிந்து, கடற்கரையில் நடந்துகொண்டே கேட்டேன். இரண்டு தவணை இப்படி. மூன்றாம் தவணையில் புத்தகம் மேசையிலேயே கிடந்தது. எனக்கு உதவிய இன்னொன்று, நான் எதிர்பாராதது: திவேஹியில் ஹதரே, சிங்களத்தில் ஹதர, இரண்டும் நான்குதான். திவேஹியில் எண்ணத் தொடங்கியதும் சின்னப் பிள்ளைகள் என்னிடம் ஒட்டிக்கொண்டார்கள்.

ஆனால் நான் டீச்சர் ஆனது என்று நினைப்பது தரம் 9இல் சாய்வு படிப்பித்த நாளைத்தான். வரைபில் கோட்டைப் போட்டு, ஏற்றத்தைக் கிடைத்தூரத்தால் வகுக்கச் சொன்னேன். கணக்குச் சரியாக வந்தது, முகங்களில் ஒன்றும் இல்லை. அந்த நாட்டிலேயே இயற்கையான மிக உயர்ந்த இடம் சுமார் 2.4 மீட்டர்தான். ஏற்றம் என்ற ஒன்றை அவர்கள் கால் அறிந்ததில்லை. போனில் இருந்த எங்கள் தோட்டத்துப் படத்தைக் காட்டினேன். கீழே லயம், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், மேலே பாடசாலை. கரத்தை ரோடு, அதாவது வண்டிப் பாதை, வளைந்து வளைந்து போகும், பிள்ளைகள் ஏறுகிற குறுக்குப் பாதை தேயிலைக்குள்ளே நேராகப் போகும். குறுக்குப் பாதையில் கிடையாக 200 மீட்டருக்கு 80 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். 0.4 என்று ஒருத்தி சொன்னாள். பிறகு நிமிர்ந்து, "மழையிலும் இதில் ஏறுவார்களா, மிஸ்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எனக்குத் தொண்டை அடைத்தது. அந்தப் பாதையில் ஏறுகிறவர்களுக்கு அந்த நேரம் கணித டீச்சர் இல்லை.

அங்கே வெள்ளியும் சனியும் விடுமுறை. சனிக்கிழமை இரு நாட்டுக்கும் பொது. அதனால் சனி காலையில் என் பழைய தரம் 11க்குப் போனில் வகுப்பு வைத்தேன். லயத்தில் சிக்னல் இல்லை, ஆறேழு பேர் ஒரு போனைச் சுற்றிப் பாறை மேல் உட்காருவார்கள். காற்று இரைச்சலில் பாதிதான் கேட்கும். தரம் 11 முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் போனால் எத்தனை வழி அடைபடும் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் மழை வந்தால் குடை பிடித்துக்கொண்டு இருந்தார்கள்.

இரண்டு வருடத்தில் கடன் முடிந்தது, திரும்பி வந்து அதே பாடசாலையில் சேர்ந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தோட்டத்து டீச்சர் ஒருவர், "நானும் போகப்போகிறேன் அக்கா" என்று பைலோடு வந்தார். முதலில் பிறப்புச் சான்றிதழை வாங்கி அப்பாவின் பெயரைப் பார்த்தேன். ஓர் எழுத்து குறைந்தது, திருத்த வழி சொன்னேன். அப்புறம் அவருடைய பிள்ளைகளை யார் பார்ப்பது என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். தரம் 11 பிள்ளைகளைச் சனிக்கிழமைகளில் என் வீட்டுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பதினான்கு பேர் என்றார். பாய் இரண்டு வாங்க வேண்டும்.