ஸ்கேன் செய்த பக்கம் திரையில் ஏன் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது?

ஸ்கேன் செய்த தாளைத் திறந்தால் ஓர் எழுத்தே பாதித் திரையை அடைத்துக்கொள்ளும். இல்லையென்றால் பக்கமே தபால்தலை அளவுக்குச் சுருங்கிக் கிடக்கும். உடனே ஸ்கேனரைக் குறை சொல்லி மறுபடி ஸ்கேன் செய்யக் கிளம்பிவிடாதீர்கள். பெரும்பாலும் படத்தில் கோளாறு எதுவும் இருக்காது.

முதலில் இரண்டு எண்களைப் பாருங்கள்: அகலம் எத்தனை பிக்சல், டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) எவ்வளவு. விண்டோஸில் கோப்பின் மேல் வலது க்ளிக், பிராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ் என்று போனால் இரண்டும் தெரியும். ஏ4 தாளின் அளவு 210 × 297 மில்லிமீட்டர். அதை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 2480 × 3508 பிக்சல், 200 டிபிஐயில் 1654 × 2339. உங்களுக்கு 2550 × 3300 என்று வந்தால் ஸ்கேனர் லெட்டர் என்ற அமெரிக்கத் தாள் அளவில் செட் ஆகியிருக்கிறது. ஏ4 தாளின் அடியில் ஏறக்குறைய 18 மில்லிமீட்டர் வெட்டுப்பட்டிருக்கும். மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டியது இந்த மாதிரி நேரத்தில்தான்.

படம் பார்க்கும் மென்பொருள்களில் 100% என்றால் படத்தின் ஒரு பிக்சலுக்குத் திரையின் ஒரு பிக்சல். டிபிஐயை அவை கண்டுகொள்வதே இல்லை. 1920 பிக்சல் அகலத் திரையில் 2480 பிக்சல் எப்படி அடங்கும்? வழிந்துதான் போகும். பிடிஎஃப் மென்பொருளில் கணக்கே வேறு. அங்கே 100% என்பது தாளின் நிஜ அளவு. ஆனால் திரையில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்று மென்பொருளுக்குத் தெரிய வேண்டும். பல நேரம் அது 96 என்று வைத்துக்கொள்கிறது. 15.6 அங்குல முழு எச்டி மடிக்கணினியில் உண்மையில் 141. அதனால் விண்டோஸ் திரை அமைப்பில் ஸ்கேலிங் (எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும் அளவு) 100% ஆக இருந்தால் 210 மில்லிமீட்டர் அகலத் தாள் 143 மில்லிமீட்டராகத்தான் தெரியும். அடோபி ரீடரில் பிரிஃபரன்சஸ், பேஜ் டிஸ்ப்ளே பகுதியில் கஸ்டம் ரெசல்யூஷனை 141 ஆக்குங்கள். பிறகு ஒரு நிஜ ஏ4 தாளைத் திரைமேல் வைத்துப் பாருங்கள், விளிம்புகள் பொருந்த வேண்டும்.

அதிகம் தொல்லை தருவது, கோப்புக்குள் பதிவாகியிருக்கும் டிபிஐ குறிப்பு தொலைந்துபோன படங்கள்தான். மெசேஜ் ஆப் வழியாக அனுப்பும்போது இது அடிக்கடி நடக்கும். குறிப்பு இல்லாத படத்தை 72 டிபிஐ என்று எடுத்துக்கொள்ளும் மென்பொருள்கள் நிறைய. அப்போது 2480-ஐ 72-ஆல் வகுத்தால் 34.4 அங்குலம். ஏ4 தாள் 875 மில்லிமீட்டர் அகலப் போஸ்டராகிவிடும்! பிடிஎஃப்பில் கண்ட்ரோல்-டி அழுத்திப் பக்க அளவைப் பாருங்கள். இப்படி ஒரு எண் இருந்தால் காரணம் இதுதான். ஸ்கேனரில் எடுத்த பக்கங்களையும் போனில் எடுத்த படங்களையும் ஒரே கோப்பில் சேர்த்தால் ஒரு பக்கம் பெரிது, ஒரு பக்கம் சிறிது என்று வருவதும் இதனால்தான். ஃபிட் விட்த் (பக்கத்தைத் திரை அகலத்துக்குப் பொருத்திக் காட்டுவது) வைத்தால் கண்ணுக்குச் சரியாகிவிடும், கோப்பு அப்படியேதான் இருக்கும்.

சரிசெய்ய, கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளில் இமேஜ் மெனுவில் உள்ள பிரிண்ட் சைஸில் 300 என்று கொடுத்து எக்ஸ்போர்ட் செய்யுங்கள். பக்கத்திலேயே இருக்கும் ஸ்கேல் இமேஜைத் தொடவே தொடாதீர்கள். அது பிக்சல்களையே மாற்றிவிடும், சுருக்கிச் சேமித்தால் சின்ன எழுத்தின் கூர்மை போனது போனதுதான். ஜேபெக் என்றால் எக்ஸ்போர்ட்டிலும் கோப்பைச் சிறிதாக்கத் தரம் மறுபடி குறைக்கப்படும், அதனால் தரத்தை 95-க்குக் குறைக்காதீர்கள். படத்தைத் தொடாமலே முடிக்க இன்னொரு வழி, பிடிஎஃப்பாக மாற்றும்போது பக்க அளவாக ஏ4-ஐத் தேர்ந்தெடுப்பது. 'படத்தின் அளவே பக்க அளவு' என்பதைத் தேர்ந்தெடுத்தால் பழைய கதைதான்.

பழைய ஃபேக்ஸ் கோப்பு எழுத்தெல்லாம் நசுங்கி, பாதி உயரத்தில் தெரிந்தால் அது தனி விஷயம். சாதாரணத் தர ஃபேக்ஸில் குறுக்கே 204 டிபிஐ, நெடுக்கே 98 மட்டுமே. இரண்டும் சமம் என்று நினைக்கும் மென்பொருள் பக்கத்தை அமுக்கிவிடும். இந்த ஒரு இடத்தில் மட்டும் ஸ்கேல் இமேஜ் உதவும்: அகல-உயரப் பூட்டை எடுத்துவிட்டு, உயரத்தை மட்டும் இரட்டிப்பாக்கி, இரண்டு திசைக்கும் 204 கொடுத்துச் சேமியுங்கள்.